கதிரில் வழியும் விஷத்தேன்!
தாயைக் காக்கும் மருந்தும், மனதைப் புரட்டும் மருந்தும் பிறந்த கதை

கம்பு பூக்கும் சமயத்தில் வானம் மூடிக் கிடந்தால், விவசாயிக்குக் கவலை பிறந்துவிடும்.

கதிரில் தேன் வழியும்.

இது தேனீ சேர்க்கும் தேன் அல்ல. பிசுபிசு என்று, இளஞ்சிவப்பாகச் சொட்டும் ஒரு நீர். ஈயும் எறும்பும் அதை மொய்க்கும். ஒரு கதிரில் இருந்து இன்னொரு கதிருக்கு அதைச் சுமந்து செல்லும். சில நாள் கழித்துப் பார்த்தால், மணி இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக, கெட்டியாக, கம்பு மணியைவிடப் பெரிதாக ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும்.

இதற்குத் "தேன் ஒழுகல் நோய்" என்று பெயர். ஒரு வகைப் பூஞ்சைக் காளான்தான் இதற்குக் காரணம்.

இந்தக் காளானுக்கு மேல் நாட்டில் ஒரு பங்காளி உண்டு. அது "ரை" என்ற தானியத்தில் வளர்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. பிறகு அதில் இருந்தே பிரசவ மருந்து வந்தது. கடைசியில் அதில் இருந்தே, மனிதனின் மனதைத் தலைகீழாகப் புரட்டும் ஒரு பொருளும் வந்தது. அந்தப் பொருளை வைத்திருந்தால் ஜெயில். ஆனால் அதையே மனோவியாதிக்கு மருந்தாக்க முடியுமா என்று இன்று டாக்டர்கள் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்!

உப்புத் தண்ணீர் போதும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோ மீட்டர் தூரம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே போகப் போக, மழையை நம்பும் மானாவாரிக் கரிசல் பூமி. இன்று அங்கே மக்காச்சோளமும் பருத்தியும்தான் அதிகம். ஆனாலும் கம்பை யாரும் மறந்துவிடவில்லை. ஆடி மாதம் வந்தால் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றியாக வேண்டுமே!

மானாவாரிக் கம்புக்குத் தேன் ஒழுகல் பழைய எதிரி. அதை விரட்ட விவசாய இலாகா சொல்லும் வழி மிகவும் சுலபம். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைக்க வேண்டும். விதையை அதில் கொட்ட வேண்டும். கருப்புக் காளான் மேலே மிதக்கும். நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, நல்ல விதையை இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

காளான் கலந்த கம்பைத் தின்றால் என்ன ஆகும்?

1975-ம் ஆண்டில் ராஜஸ்தான் கிராமங்களில் அது நடந்தது. கம்பு ரொட்டி தின்றவர்களுக்கு வாந்தி வந்தது. தலை சுற்றியது. தூக்கம் தூக்கமாக வந்தது. காரணம், மாவில் அரைபட்ட காளான்! தானியத்தில் இந்தக் காளான் பிடித்த மணி 100-க்கு 0.05 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

நம் ஊர்க் கம்பில் வரும் காளானின் விஷம் வேறு. ரை தானியத்தில் வரும் காளானின் விஷம் வேறு. ரை காளான் ஆளையே கொன்றுவிடும்.

எரியும் வியாதி

பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவில் ஏழைகள் சாப்பிட்டது ரை ரொட்டிதான். மழை அதிகமான ஆண்டுகளில் கதிரில் காளான் பிடிக்கும். பசிக்கு முன்னால் கருப்பு மணி எது, நல்ல மணி எது என்று யார் பார்த்தார்கள்? எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தார்கள்.

அதைத் தின்றவர்களுக்குக் கை கால் நெருப்பாக எரிந்தது. இரத்தக் குழாய்கள் சுருங்கின. விரல்கள் கருத்து அழுகி விழுந்தன. சிலருக்கு வலிப்பு வந்தது. சிலர் இல்லாததை எல்லாம் கண்டு அலறினார்கள். "அந்தோணியார் நெருப்பு" என்று அந்த வியாதிக்குப் பெயர் வைத்தார்கள். அது வந்தது ரொட்டியில் இருந்து என்று கண்டுபிடிக்கவே பல நூறு ஆண்டுகள் ஆயின.

ஆனால் மருத்துவச்சிகள் வேறு ஒன்றைக் கவனித்திருந்தார்கள். இந்தக் கருப்பு மணியைக் கொஞ்சம் கொடுத்தால், கர்ப்பப்பை இறுகுகிறது! 1582-ம் ஆண்டில் ஜெர்மனியில் அச்சான ஒரு மூலிகைப் புத்தகத்திலேயே இந்தச் செய்தி இருக்கிறது.

1808-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் ஸ்டெர்ன்ஸ் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். பிரசவம் சீக்கிரம் முடிய இது நல்ல மருந்து என்றார். டாக்டர்கள் ஆசையோடு கொடுத்தார்கள். விளைவு விபரீதமானது. கர்ப்பப்பை விடாமல் இறுகியதால் பல குழந்தைகள் செத்துப் பிறந்தன. 1824-ம் ஆண்டில் நியூயார்க் டாக்டர் டேவிட் ஹோசாக் கடுமையாக எச்சரித்தார். பிரசவப் பொடி என்று சொல்வதைவிட இதைச் சாவுப் பொடி என்று சொல்வதே பொருந்தும் என்று அவர் எழுதினார்.

அவர் மருந்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குழந்தை பிறப்பதற்கு முன்பு கொடுக்காதீர்கள், குழந்தை பிறந்த பிறகு இரத்தம் நிற்காவிட்டால் மட்டும் கொடுங்கள் என்றார். மருந்து அதேதான். கொடுக்கும் நேரம்தான் மாறியது. முன்னால் கொடுத்தால் சாவு. பின்னால் கொடுத்தால் உயிர்!

துணியால் நிற்காத இரத்தம்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே தறிகளில் நெய்வது சேலையும் வேட்டியும் அல்ல. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி! அந்தத் துணி பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

ஆனால் எவ்வளவு துணி வைத்தாலும் நிற்காத இரத்தம் ஒன்று உண்டு. பிரசவம் ஆன பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்தால், உள்ளே இரத்தம் குழாய்த் தண்ணீர் போலக் கொட்டும். சில மணி நேரத்தில் தாய் இறந்துவிடுவாள். வெளியே எதைக் கட்டியும் பயன் இல்லை. கர்ப்பப்பையே இறுகி, தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்தால்தான் இரத்தம் நிற்கும்.

அதைச் செய்யும் சரக்கு, ரை காளானுக்குள் இருந்தது. 1935-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் சாசர் மோயரும், ரசாயன நிபுணர் ஹரோல்டு டட்லியும் அதைத் தனியாகப் பிரித்தார்கள். "எர்கோமெட்ரின்" என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு அதைவிடச் சிறந்த ஒரு மருந்தைச் சுவிட்சர்லாந்தில் செய்தார்கள். அதுதான் "மெதர்ஜின்". ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆன தாய்மார்கள் பலருக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். இப்போது முதலில் கொடுப்பது ஆக்சிடோசின் ஊசி. அதற்கும் இரத்தம் நிற்காவிட்டால் மெதர்ஜின் போடுவது வழக்கம். ஓர் ஊசிக்கு 0.2 மில்லிகிராம்தான். இரத்தக் கொதிப்பு உள்ள தாய்க்கு அதைப் போட மாட்டார்கள். வெயிலும் வெளிச்சமும் படாமல் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் காளானுக்கு ஒரு சமயம் மதிப்பு வந்தது. 1940-களில் நீலகிரி மலையில் ரை பயிரிட்டு, அதில் இந்தக் காளானை வேண்டும் என்றே ஏற்றி வளர்த்தார்கள். கீழே கரிசல் காட்டில் காளானை விரட்ட உப்புத் தண்ணீர்; மேலே மலையில் அதற்குத் தோட்டம்!

சைக்கிளில் போன விஞ்ஞானி

மெதர்ஜினைச் செய்தவர் பெயர் ஆல்பர்ட் ஹாப்மன். பேசல் நகரில் சாண்டோஸ் என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ரை காளானில் உள்ள அமிலத்தை எடுத்து, அதோடு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1938-ம் ஆண்டில் அப்படிச் செய்த 25-வது பொருளுக்கு "எல்.எஸ்.டி.-25" என்று பெயர் வைத்தார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, ஹாப்மனுக்கு அதன் மீது மறுபடியும் கண் விழுந்தது. 1943-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி அதை மீண்டும் தயாரித்தார். அப்போது எப்படியோ ஒரு துளி உடம்பில் சேர்ந்துவிட்டது. தலை கிறுகிறுத்தது. கண்ணை மூடினால் வர்ணம் வர்ணமாகக் காட்சிகள் ஓடின.

காரணம் இதுதானா என்று அறிய, 19-ந் தேதி வேண்டும் என்றே கொஞ்சம் சாப்பிட்டார். கொஞ்சம் என்றால் 0.25 மில்லிகிராம். ஓர் அரிசியை 80 துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு இருக்குமே, ஏறக்குறைய அவ்வளவுதான்!

அதற்கே ஆட்டம் கண்டுவிட்டார். யுத்த காலம் என்பதால் கார் கிடைக்கவில்லை. உதவியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். வேகமாக மிதித்தும், நின்ற இடத்திலேயே நிற்பது போல இருந்தது. வீட்டில் நாற்காலியும் மேஜையும் உருவம் மாறின. பால் கொண்டு வந்து கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரி போலத் தெரிந்தாள். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தார். டாக்டர் வந்து பார்த்தார். கண்ணின் பாவை விரிந்திருந்தது. வேறு குறை ஒன்றும் இல்லை! மறுநாள் காலையில் ஹாப்மன் தெளிவாக எழுந்தார்.

அரிசித் துணுக்கு அளவுள்ள ஒரு ரசாயனம் மனதை இவ்வளவு ஆட்டுகிறது என்றால், மனோவியாதிக்கும் மூளையின் ரசாயனத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் அல்லவா? அதுவரை அப்படி நினைத்தவர்கள் குறைவு. பேய், பிசாசு, சாபம் என்று ஒரு பக்கம். வளர்த்த விதம் சரியில்லை என்று தாயைக் குறை சொல்வது இன்னொரு பக்கம். மூளையில் "செரோட்டோனின்" என்ற பொருள் இருக்கிறது. நரம்புகளின் பூட்டுக்கு அது ஒரு சாவி. எல்.எஸ்.டி.யும் அதே பூட்டில் நுழைகிற கள்ளச்சாவி என்று பின்னால் தெரிந்தது.

ஆசையும் அவதியும்

1947-ம் ஆண்டில் சாண்டோஸ் கம்பெனி இதை மனோவியாதி டாக்டர்களுக்கு அனுப்பியது. கனடாவில் ஹம்ப்ரி ஆஸ்மண்டு, ஆபிரம் ஹாபர் என்ற இரண்டு டாக்டர்கள் குடிகாரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலர் குடியை விட்டார்கள் என்று அறிவித்தார்கள். இத்தகைய மருந்துகளுக்குச் "சைக்கடெலிக்" என்று பெயர் வைத்தவரும் ஆஸ்மண்டுதான். மனதை வெளிக்காட்டுவது என்று அதற்குப் பொருள்.

வேறு டாக்டர்கள் கண்டிப்பாகச் சோதித்தபோது அந்த அளவு பலன் தெரியவில்லை. அதற்குள் மருந்து ஆஸ்பத்திரியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. வாலிபர்கள் வேடிக்கைக்காகத் தின்றார்கள்.

அரசாங்கங்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க உளவு இலாகா, ஆட்களுக்குத் தெரியாமலேயே இதைக் கொடுத்துச் சோதித்தது. 1953-ம் ஆண்டில் பிராங்க் ஓல்சன் என்ற ராணுவ விஞ்ஞானிக்கு, சொல்லாமல் மதுவில் கலந்து கொடுத்தார்கள். ஒன்பது நாளில் அவர் ஓட்டல் மாடி ஜன்னலில் இருந்து விழுந்து இறந்தார். இதைச் செய்தவர்களும் படித்தவர்கள்தான்!

1965-ம் ஆண்டில் கம்பெனி மருந்து அனுப்புவதை நிறுத்தியது. 1971-ம் ஆண்டில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1985-ம் ஆண்டில் போதைப் பொருள் தடைச் சட்டம் வந்தது. அதன்படி, எல்.எஸ்.டி. 0.1 கிராம் பிடிபட்டாலே அது வியாபார அளவு. 10 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். குறைந்தது 1 லட்ச ரூபாய் அபராதம். சில வகைக் காளான்களில் உள்ள "சைலோசைபின்" என்ற பொருளும் தடைப் பட்டியலில் இருக்கிறது.

ஆராய்ச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய படுத்துவிட்டது.

மறுபடியும் சோதனை

2012-ம் ஆண்டில் நார்வே ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். குடிகாரர்களிடம் ஒழுங்காக நடந்த ஆறு சோதனைகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 100-க்கு 59 பேர் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் 38 பேர். பழைய டாக்டர்கள் சொன்ன அளவு இல்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

2022-ம் ஆண்டில் பெரிய சோதனை ஒன்றின் முடிவு வெளிவந்தது. எந்த மருந்துக்கும் கேட்காத மனச்சோர்வு நோயாளிகள் 233 பேர். பத்து நாடுகளில் நடந்தது. ஒரு பகுதியினருக்குச் சைலோசைபின் 25 மில்லிகிராம், இன்னொரு பகுதியினருக்கு 10, மற்றவர்களுக்கு வெறும் 1 மில்லிகிராம். ஒரே ஒரு தடவைதான் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, 25 பெற்றவர்களில் 100-க்கு 29 பேரிடம் நோய் ஏறக்குறைய நீங்கியிருந்தது. 1 பெற்றவர்களில் 8 பேர்தான். ஆனால் 12 வாரம் வரை பலன் நிலைத்தது, 25 பெற்றவர்களிலேயே 100-க்கு 20 பேரிடம்தான்.

எல்.எஸ்.டி.யும் திரும்பி வந்திருக்கிறது. அடங்காத பதற்ற வியாதி உள்ள ஏறக்குறைய 200 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். 0.1 மில்லிகிராம் ஒரே தடவை கொடுத்ததில் நல்ல பலன் தெரிந்ததாக 2025-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஆஸ்திரேலியா 2023-ம் ஆண்டு ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல டாக்டர்கள் மட்டும் சைலோசைபின் கொடுக்கலாம் என்று விட்டிருக்கிறது.

அங்கே இதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது இல்லை. முதலில் பல நாள் பேசுகிறார்கள். நோயாளிக்கோ நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு நோய் இருந்தால் சேர்ப்பதே இல்லை; அவர்களுக்கு இந்த மருந்து நோயைக் கிளப்பிவிடலாம். மருந்து கொடுக்கும் நாளில் அமைதியான அறை, மெல்லிய சங்கீதம், கண்ணுக்குத் துணி. ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பயந்து அலறினால் கையைப் பிடித்துக்கொள்கிறார். பிறகும் பல நாள் பேச்சு. ஒரு நோயாளிக்கு ஒரு பகல் முழுவதும்! நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் பெருமூச்சு வரவழைக்கும்.

கையில் இருக்கும் மருந்து

மாயக்காட்சி காட்டும் குணம் கொண்ட மருந்துகளில், இந்தியாவில் டாக்டர்கள் சட்டப்படி கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. அதன் பெயர் கெட்டமின்.

அது காளான் சரக்கு அல்ல. 1962-ம் ஆண்டில் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் என்பவர் செய்தது. ஆபரேஷனுக்கு முன்பு கொடுக்கும் மயக்க ஊசி. மூச்சை அதிகம் அடக்காது என்பதால், வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றது. மயக்கம் தெளியும்போது சிலர் கனவில் இருப்பது போல உளறுவார்கள்.

2000-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் இதைச் சிறிய அளவில் மனச்சோர்வு நோயாளிகள் சிலருக்குக் கொடுத்தார்கள். வழக்கமான மாத்திரைகள் வேலை செய்யப் பல வாரம் ஆகும். இது சில மணி நேரத்தில் மனதைத் தூக்கியது! ஆனால் பலன் சில நாளிலேயே கரைந்துவிடுகிறது. இரத்தக் கொதிப்பு ஏறும். போதைக்குத் தின்றால் அடிமையாகிவிடுவார்கள், மூத்திரப்பையும் கெட்டுவிடும். அதனால் 2011-ம் ஆண்டில் இது போதைச் சட்டத்துக்குள் வந்தது. 2013-ம் ஆண்டில் கடையில் விற்கவும் கடும் கட்டுப்பாடு வந்தது. மனநல டாக்டர் சிலர், வேறு வழி இல்லாத நோயாளிக்கு, ஆஸ்பத்திரியில் வைத்து மட்டும் கொடுக்கிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால்?

மனோவியாதி வந்தவர் வீட்டில், யார் என்ன சொன்னாலும் கேட்கத் தோன்றும். அந்த மலையில் ஒரு காளான் இருக்கிறதாம், இந்தச் சாமியாரிடம் ஒரு பொடி இருக்கிறதாம் என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சதுரகிரி மூலிகைக்குப் பேர் போன மலை. அந்தப் பேரைச் சொல்லி எதையும் விற்கலாம். இப்போது செல்போனில் வேறு, அமெரிக்காவில் குணமானார்கள் என்று படம் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு யாரோ விற்கும் காளானை வாங்கித் தின்றால், அது எது, எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? இனம் மாறினால் ஈரலே கருகிப்போகும். கம்பில் வரும் கருப்பு மணியில் எல்.எஸ்.டி. கிடையாது, வாந்திதான் வரும்.

புது மருந்து வருகிற வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கும், மனச்சிதைவுக்கும், வலிப்புக்கும் பல ஆண்டுகளாகச் சோதித்த மாத்திரைகள் இருக்கின்றன. விலையும் அதிகம் இல்லை. ஆனாலும் பெங்களூர் "நிம்ஹான்ஸ்" நிலையம் 2015-16-ம் ஆண்டில் நாட்டின் பல மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் தமிழ்நாடும் உண்டு.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதியை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. 28 மனநோயாளிகள் கருகினார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டுவது குற்றம். அரசு ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவது குடிமக்களின் உரிமை.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். ராத்திரி நேரத்தில், வீட்டில் ஒருவர் சாகப் போகிறேன் என்கிறார், என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இந்திய அரசாங்கம் 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய "டெலி மானஸ்" என்ற ஏற்பாடு இது. பகலும் இரவும் உண்டு. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசுவார்கள்.